பெட்ரோலில் ஊறும் ரெசின்

அமெரிக்காவில் வீட்டு ஷெட்டிலேயே சொந்தமாக விமானம் கட்டிப் பறப்பவர்கள் ஏராளம். பர்ட் ரூட்டன் வடிவமைத்து 1979-இல் முதலில் பறந்த லாங்-ஈஸி, அவர்களுக்கு மிகவும் பிடித்தமானது. அதில் தனியாக உலோக டேங்க் கிடையாது. நுரைப்பலகையின் இருபுறமும் கண்ணாடி இழைத் துணியை விரித்து, எபாக்சி ரெசின் ஊற்றி இறுகவைத்த கூடே டேங்க். பெட்ரோல் அந்த ரெசினைத் தொட்டபடியே கிடக்கும்.

ஆகவே ரெசின் வாங்கப் போகுமுன், டேங்கில் எதை ஊற்றப்போகிறோம் என்று முடிவு செய்துவிட வேண்டும். அமெரிக்க பெட்ரோல் பங்க்குகளில் கிடைக்கும் கார் பெட்ரோலில் பெரும்பாலும் 10% வரை எத்தனால் இருக்கிறது. விமான பெட்ரோலுக்கு அசையாத சில எபாக்சிகள்கூட எத்தனாலில் நாளடைவில் இளகிவிடும். கசிவு வெளியே தெரிந்துவிடும். ஆனால் இளகி உரியும் துணுக்குகள் சத்தமில்லாமல் ஃபில்டரை அடைத்து நடுவானில் எஞ்சினை நிறுத்திவிடும். எனக்கு அதுதான் பெரிய பயம்.

எபாக்சிக்கு மாற்றான வைனைல் எஸ்டர் என்ற ரெசின், ரசாயனங்களை நன்றாகத் தாங்கும். ஆனால் அதிலுள்ள ஸ்டைரீன், லாங்-ஈஸியின் இறக்கைக்குள் இருக்கும் பாலிஸ்டைரீன் நுரையைக் கரைத்துவிடும். இந்த ரெசினை இறுகவைக்கும் பெராக்சைடு கண்ணில் ஒரு துளி பட்டாலே பார்வை போகலாம். அந்தப் பெராக்சைடையும், இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட் கரைசலையும் நேராகக் கலந்தால் வெடிக்கக்கூடும்.

எபாக்சியில் ஆபத்து வேறு மாதிரி. சீக்கிரம் இறுகட்டும் என்று, ரெசினை இறுகவைக்கும் ஹார்டனரைச் சிலர் கூட்டி ஊற்றுவார்கள். மிஞ்சிய ஹார்டனர் எதனோடும் சேராமல் உள்ளேயே தங்கும். ரெசினும் முழு பலத்துக்கு வராது. தயாரிப்பாளர் சொன்ன விகிதத்தைத் தராசில் நிறுத்துத்தான் கலக்க வேண்டும். கலந்ததை ஆழமான கிண்ணத்தில் விட்டுவைத்தால் தானாகச் சூடேறிப் புகையும். அகலத் தட்டில் பரப்பிவிடுங்கள். தொட்டால் கெட்டியாக இருப்பதாலேயே வேலை முடிந்துவிடாது. தயாரிப்பாளர் சொன்ன வெப்பத்தில் பிறகு பதப்படுத்தினால்தான் பெட்ரோலைத் தாங்கும் திறன் முழுமையாக வரும்.

நைட்ரைல் கையுறை கட்டாயம். எபாக்சி ஒவ்வாமை ஒருமுறை வந்துவிட்டால் பெரும்பாலும் ஆயுள் முழுக்க விடாது. கையில் பட்டதை அசிட்டோனால் துடைக்கவே கூடாது. சோப்பு போட்டுக் கழுவுங்கள்.

டேங்கை மூடுவதற்கு முன், அதே கலவையில் செய்த சிறு துண்டை எடை போட்டு, ஊற்றப்போகும் பெட்ரோலில் சில வாரங்கள் ஊறவிடுங்கள். எடை தொடர்ந்து கூடினாலோ, நகத்தால் கீறும்போது சோப்பில் விழுவதுபோல் கோடு விழுந்தாலோ, அந்த ரெசின் டேங்குக்கு ஆகாது.