சராசரிக்குள் அடங்காத பாறை

கரியமில வாயுவைப் பிடித்து நிலத்துக்கு அடியில் தேக்கி வைப்பது பற்றிப் பேச்சு எழுந்தால், எத்தனை கோடி டன்னுக்கு இடம் இருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி. பாறையின் பரப்பையும் தடிமனையும் நுண்துளைகளின் சராசரி விகிதத்தையும் பெருக்கி ஒரு தொகையைச் சொல்லிவிடுகிறார்கள். பெருக்கலில் பிழை இல்லாவிட்டாலும் அந்தத் தொகையை நம்பி முதலீட்டில் இறங்குவது அவசரம். வாயு சராசரியைப் பார்த்து நகர்வதில்லை. வழி கிடைக்கும் பக்கம் நகர்கிறது. அந்த வழியைத் தீர்மானிப்பது பாறையின் ஏற்றத்தாழ்வு.

நார்வேயின் இரண்டு திட்டங்கள் இதற்குச் சாட்சி. வட கடலில் ஸ்லைப்னர் வயலில் 1996 முதல் ஆண்டுக்குச் சுமார் 10 லட்சம் டன் வாயு உட்சிரா மணற்கல்லில் செலுத்தப்பட்டது. துளைகள் நிறைந்த, பரந்து விரிந்த மணல் அடுக்கு அது. அழுத்தம் பெரிதாக ஏறவில்லை. பேரன்ட்ஸ் கடலின் ஸ்னோவிட் வயலில் 2008இல் டூபோன் பாறையடுக்கில் பணி தொடங்கியது. அங்கும் மணற்கல்தான். ஆனால் பழங்கால ஆறுகள் படியவைத்த அந்த மணல், ஒன்றோடொன்று சரியாக இணையாத கால்வாய்களாகச் சிதறிக் கிடந்தது. எதிர்பார்த்ததைவிட வேகமாக அழுத்தம் ஏற, 2011இல் மேலே உள்ள ஸ்டோ அடுக்குக்கு மாற நேர்ந்தது. டூபோனில் துளைகள் இல்லாமல் போகவில்லை, துளைகளுக்கிடையே தொடர்புதான் போதவில்லை.

அப்படியானால் ஒரே சீரான பாறையைத் தேடிப் போனால் போயிற்று என்று சிலர் சொல்லக்கூடும். அதுவும் முழுத் தீர்வு அல்ல. பாறைத் துளைகளில் நிறைந்திருக்கும் உப்புநீரைவிட இலேசான வாயு, சீரான மணலில் தடையின்றி ஏறி மேலே மூடி நிற்கும் இறுக்கமான மூடுபாறையின் அடியில் மெல்லிய படலமாகத் தொலைதூரம் பரவும். உட்சிராவில் சுமார் ஒரு மீட்டர் தடிமனுள்ள களிப்பாறை ஏடுகள் வாயுவை இடையிடையே மறித்து, ஒன்பது அடுக்குகளாகத் தங்கவைத்தன. இப்படிப் பிரிந்து நிற்கும்போது வாயு அதிக உப்புநீரைத் தொடுகிறது, அதில் கரையவும் துளைகளுக்குள் சிக்கவும் வாய்ப்பு கூடுகிறது. ஆக, ஏற்றத்தாழ்வு எங்கே, எந்த அளவில் அமைந்திருக்கிறது என்பதே நன்மை தீமையை முடிவு செய்கிறது.

இவ்வளவு மெல்லிய ஏடுகளை நில அதிர்வு அலைகளால் முன்கூட்டியே முழுமையாகக் காண முடியாதே, இது சூதாட்டம் இல்லையா என்ற ஆட்சேபம் நியாயமானது. பாறை முழுவதையும் முன்னரே அறிய முடியாதுதான். ஆனால் ஸ்னோவிட்டில் அழுத்தத்தை இடைவிடாமல் அளந்ததால் மூடுபாறை விரிசல் காணுமுன்னே சிக்கல் தெரிந்தது. மாற்று அடுக்கு இருந்ததால் திட்டம் பிழைத்தது. ஆகவே, ஒரு திட்டத்துக்கு அனுமதி தருமுன் கொள்ளளவுக் கணக்கு மட்டும் போதாது. கிணற்றில் சோதித்துப் பார்த்த செலுத்து வேகம், தொடர் கண்காணிப்பு, கையிருப்பில் ஒரு மாற்று அடுக்கு ஆகிய மூன்றையும் அரசுகள் கட்டாயமாகக் கேட்க வேண்டும்.