இரண்டு கோப்புகளில் ஒரு லினக்ஸ்

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா மகன் ஒரு பழைய நெட்புக்கைத் தூக்கிக்கொண்டு வந்தான். ஆட்டம் என்270 சிப், 1 ஜிபி ராம். ஹார்ட் டிஸ்க் செத்துப்போயிருந்தது. இன்னொரு கையில் 2 ஜிபி பென்டிரைவ். "சித்தி, இதுல லினக்ஸ் போட்டு ஓட்ட முடியுமா?" என்றான். முடியும். ஆனால் அதற்கு முன்னால் உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம் ஒன்று இருந்தது. டீ போட்டு வைத்துக்கொண்டு அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கேயும் சொல்கிறேன்.

ஹார்ட் டிஸ்க்கில் நிறுவுவது போலவே பென்டிரைவிலும் நிறுவிவிடலாம் என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். நிறுவினால் ஓடவும் செய்யும். சிக்கல் எங்கே என்றால், நாம் சும்மா இருக்கும்போதும் லினக்ஸ் எதையாவது எழுதிக்கொண்டே இருக்கும். நடந்தவற்றின் பதிவுகள், எந்தக் கோப்பை எப்போது திறந்தோம் என்ற நேரக்குறிப்பு, பிரவுசர் சேர்த்து வைக்கும் தற்காலிகக் கோப்புகள் என்று ஓயாத எழுத்து. பென்டிரைவில் இருக்கும் ஃப்ளாஷ் நினைவகத்தில் நாலு எழுத்தை மட்டும் தொட்டு அழிக்க முடியாது. ஒரு பெரிய தொகுதியை மொத்தமாக அழித்துத்தான் திரும்ப எழுத வேண்டும். ஒவ்வோர் அழிப்பிலும் அந்தச் செல்கள் கொஞ்சம் தேய்கின்றன. எஸ்எஸ்டியில் அந்தத் தேய்மானத்தை எல்லா இடத்துக்கும் பரப்பிவிடும் நல்ல கன்ட்ரோலர் உண்டு. மலிவான பென்டிரைவில் அதை எதிர்பார்க்க முடியாது.

இதற்கு விடை சிடி காலத்திலேயே கிடைத்துவிட்டது. சிடியில் எழுதவே முடியாது. அதனால் எழுதாமல் ஓடும் லினக்ஸ் ஒன்றைச் செய்தே தீர வேண்டியிருந்தது. ஜெர்மனியின் கிளவுஸ் நாப்பர் 2000-இல் வெளியிட்ட நாப்பிக்ஸ், சுமார் 2 ஜிபி மென்பொருளைச் சுருக்கி 700 எம்பி சிடியில் அடக்கியது. அதை அடியொற்றி வந்த டேம் ஸ்மால் லினக்ஸ், விசிட்டிங் கார்டு அளவுச் சிடியில் கொள்ளும்படி 50 எம்பிக்குள் நின்றது. அதில் உழைத்த ராபர்ட் ஷிங்கிள்டெக்கர் தனியே வந்து 2008-இல் தொடங்கியதுதான் டைனி கோர். அக்கா மகனுக்கு நான் தேர்ந்தது இதைத்தான். ஒரு கணினி கிளம்ப உண்மையில் எது எது வேண்டும் என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் வேறொரு லினக்ஸை நான் பார்த்ததில்லை.

அதன் அடித்தளம் இரண்டே கோப்புகள். ஒன்று லினக்ஸின் மையமான கெர்னல். மற்றது கோர்.ஜிஇசட் என்ற சுருக்கிய கட்டு. இரண்டும் சேர்ந்து சுமார் 17 எம்பி. கேமராவில் எடுத்த இரண்டு மூன்று போட்டோக்களின் அளவு. இவ்வளவு சிறிதாவதற்குப் பெரிய காரணம் பிஸிபாக்ஸ். டெபியனை நிறுவும் ஃபிளாப்பிக்காக புரூஸ் பெரன்ஸ் 1995-இல் எழுதத் தொடங்கிய நிரல் அது. கோப்பைப் பட்டியலிட ஒன்று, நகலெடுக்க ஒன்று, தேட ஒன்று என்று தனித்தனி நிரல்களாக இருப்பதை ஒரே நிரலுக்குள் அடைத்தார். எந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறோமோ அந்த வேலையை அது செய்யும்.

பவர் பட்டனை அழுத்தியதும் கோர்.ஜிஇசட் ராமுக்குள் விரிகிறது. அதற்குப் பிறகு கணினி ஓடுவது ராமில். எழுதுவதெல்லாம் ராமில். நாமாகச் சொன்னால் தவிர பென்டிரைவில் எதையும் எழுதாது. வாசலில் தினமும் புதிதாகக் கோலம் போடுவது போல, ஒவ்வொரு முறையும் அதே சுத்தமான சிஸ்டம் எழுந்து வரும். இடையில் கரண்ட் போனாலும் அந்த இரண்டு கோப்புகளுக்கு ஒன்றும் ஆகாது.

பிரவுசர் போன்றவை டிசிஇசட் என்ற சுருக்கிய பொதிகளாகப் பென்டிரைவிலேயே இருக்கும். அவற்றைப் பிரித்துக் கொட்டுவதில்லை. பொதி இருந்த இடத்திலேயே இருக்க, ராமில் இருக்கும் சிஸ்டத்திலிருந்து அதற்குச் சுட்டிகள் மட்டும் போடப்படுகின்றன. அதனால்தான் "பூட் ஆன பிறகு பென்டிரைவைப் பிடுங்கிடலாமா?" என்று அவன் கேட்டபோது வேண்டாம் என்றேன். பொதிகள் அங்கிருந்துதான் படிக்கப்படுகின்றன.

நிறுவும்போது இரண்டு இடத்தில் பலரும் தடுக்கி விழுகிறார்கள். யூஎஸ்பி கொஞ்சம் தாமதமாக விழிக்கும். அதற்குள் சிஸ்டம் கிளம்பி, பொதிகளைத் தேடி, காணோம் என்று விட்டுவிடும். பூட் வரியில் வெயிட்யூஎஸ்பி=5 என்று சேர்த்தால் ஐந்து நொடி காத்திருக்கும். அடுத்தது பெயர். ஒரு கணினியில் எஸ்டிபி என்று வரும் பென்டிரைவ் இன்னொன்றில் எஸ்டிஏ என்று வரலாம். அதனால் எந்தக் கணினியிலும் மாறாத யூயூஐடி எண்ணைக் கொடுத்துவிட வேண்டும். வைஃபை விஷயத்தில் ஒரு முட்டுக்கட்டை உண்டு: வைஃபை பொதியை இறக்க இணையம் வேண்டும், இணையத்துக்கு வைஃபை வேண்டும். வைஃபை பொதிகளோடு வரும் கோர்பிளஸ் பதிப்பிலிருந்து நிறுவினால் அந்தக் கவலை இல்லை.

எல்லாம் முடிந்து பயர்பாக்ஸ் திறந்தது, மெதுவாகத்தான். தமிழ்ப் பக்கம் முழுக்கக் கட்டம் கட்டமாக நின்றது. தமிழ் எழுத்துரு இல்லை. நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவை இறக்கி ஹோம் ஃபோல்டருக்குள் போட்டதும் எழுத்து வந்தது. 'கொ' என்பதில் கொம்பையும் காலையும் உரிய இடத்தில் வைக்கும் வேலையை பயர்பாக்ஸ் தானே செய்துகொள்கிறது. டைனி கோரின் சொந்த ஜன்னல்களை வரையும் எஃப்எல்டிகேவுக்கு அது தெரியாது; அங்கே தமிழ் கோணலாகத்தான் நிற்கும். எடை குறைக்க விட்டுவந்தவற்றில் நம் எழுத்தும் ஒன்று என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

மகிழ்ச்சியில் கணினியை அணைத்து மறுபடி போட்டான். எழுத்துரு காணோம்.

"சித்தி, இப்பதானே போட்டேன்?"

ராமில் போட்டது ராமோடு போய்விட்டது. அணைக்கும்போது வரும் பெட்டி பேக்கப் வேண்டுமா என்று கேட்கும்; அவன் வேண்டாம் என்பதை அழுத்தியிருந்தான். பேக்கப் என்று சொல்லியிருந்தால், ஃபைல்டூல் பட்டியலில் உள்ள ஃபோல்டர்களை, முதலில் ஹோமும் ஆப்டும் மட்டும், மைடேட்டா என்ற ஒரே கட்டாகச் சுருக்கிப் பென்டிரைவில் வைக்கும். அடுத்த முறை கிளம்பும்போது அதைப் பிரித்துப் பரப்பிவிடும். அதனாலேயே சினிமா, பாட்டு எதையும் ஹோமில் வைக்கக் கூடாது. ஒவ்வொரு முறை அணைக்கும்போதும் அத்தனையையும் கட்ட வேண்டிவரும். பென்டிரைவிலேயே தனி ஃபோல்டர் போட்டுவிட்டால் போதும்.

எழுத்துருவை மறுபடி போட்டான். இந்த முறை அந்தப் பெட்டியில் 'சேஃப்' என்பதைத் தேர்ந்தான். பழைய கட்டை அழிக்காமல் ஒதுக்கி வைத்துவிட்டுப் புதியதை எழுதும் வழி அது. பென்டிரைவின் விளக்கு சில நொடி மின்னி நின்றது.