தெரு யாருக்கு உரியது? - பொகோட்டா மாநகரின் புதுக்கம்

தேர்தல் காலத்து வாக்குறுதிகள் பெரும்பாலும் பட்டியல்களாகவே அமைகின்றன. இத்தனை மேம்பாலங்கள், இத்தனை குடிநீர்த் தொட்டிகள், இத்தனை விளக்குகள் என்று எண்ணிக்கை அடுக்கப்படும். அவற்றையெல்லாம் ஒன்றாகக் கோக்கும் கருத்து எது என்று கேட்டால் விடை கிடைப்பது அரிது. இதற்கு மாறாக, ஒரே ஒரு வினாவை முன்வைத்து, அதன் விடையாகவே ஒரு மாநகரத்தைத் திருத்தியமைக்க முற்பட்ட வேட்பாளர் ஒருவரைப் பற்றியது இக்கட்டுரை. அவர் பெயர் என்ரிக்கே பென்யலோசா. நகரம், தென் அமெரிக்காவிலுள்ள கொலம்பியா நாட்டின் தலைநகராகிய பொகோட்டா. வினா இதுதான்: நகரத்தின் தெரு யாருக்கு உரியது?

இவ்வினா நமக்குப் புதிதன்று. ஊரார் அனைவர்க்கும் பொதுவான இடத்தை மன்றம் என்றும் பொதியில் என்றும் தனிப்பெயர் இட்டு வழங்கிய மொழி நம்முடையது. பொது என்னும் சொல்லிலிருந்தே ஓர் இடத்திற்குப் பெயர் பிறந்திருப்பதை மாணவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். பொகோட்டாவில் நிகழ்ந்த வழக்கும் அச்சொல்லைப் பற்றியதே.

ஆண்டீஸ் மலைத்தொடரில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,600 மீட்டர் உயரத்தில் அமைந்த மேட்டுநிலத்தில் உள்ளது அந்நகரம். நாட்டுப்புறங்களில் நீண்டகாலம் நீடித்த உள்நாட்டுப் போர் ஏழை மக்களை நகரை நோக்கி விரட்டியது. வந்தவர்கள் தெற்கு, மேற்கு விளிம்புகளில் கிடைத்த நிலத்தில் குடிசை அமைத்தனர். 1990களின் இடையில் நகரத் தெருக்களில் நடப்பதே ஓர் ஆபத்தாக இருந்தது. நடைபாதைகள் கார் நிறுத்துமிடங்களாகிவிட்டிருந்தன. நடப்போர் சாலையில் இறங்கி, வண்டிகளுக்கிடையே ஒதுங்கி ஒதுங்கிச் சென்றனர். பேருந்துகளோ தனியார் பலருடையவை. ஏறும் பயணியின் எண்ணிக்கையைப் பொறுத்தே ஓட்டுநரின் வருவாய் அமைந்ததால், ஒரு பயணிக்காக இரண்டு பேருந்துகள் நடுச்சாலையில் போட்டியிட்டு ஓடும். இதற்குக் 'காசுப் போர்' என்றே அந்நகர மக்கள் பெயரிட்டிருந்தனர்.

இத்தகைய நகரில் ஒருவர் கனவு காண்பது எளிது. அதை நிறைவேற்றும் அதிகாரம் எங்கிருந்து வந்தது என்பதே நாம் முதலில் அறிய வேண்டுவது. கொலம்பியாவில் மாநகரத் தந்தையை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் முறை 1988 இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதுவரை மேலிருந்து நியமனம் செய்யப்பட்டனர். அடுத்து 1991 இல் இயற்றப்பட்ட புதிய அரசியலமைப்பு இரண்டு விதிகளைத் தந்தது. பொதுவெளியைக் காப்பது அரசின் கடமை என்றும், அதன் பொதுப்பயன்பாடு தனியார் நலத்தினும் மேலானது என்றும் 82 ஆம் பிரிவு கூறுகிறது. மாநகரத் தந்தைக்கு வாக்களிப்போர், அவர் வேட்புமனுவுடன் அளித்த திட்டத்தையே அவருக்குக் கட்டளையாக விதிக்கின்றனர் என்று 259 ஆம் பிரிவு கூறுகிறது. இதற்கான விரிவான சட்டம் 1994 இல் பிறந்தது. திட்டத்தை நிறைவேற்றத் தவறினால் அவரைத் திருப்பி அழைக்கவும் வாக்காளர் வாக்கெடுப்புக் கோரலாம். ஆகவே அங்கு வேட்பாளரின் நோக்குரை வெறும் துண்டறிக்கையன்று. சட்டத்தின் முன் நிற்கும் ஓர் ஆவணம். நம் நாட்டுத் தேர்தல் அறிக்கைகளுக்கு இத்தகைய விதியொன்று வாய்த்தால் அவற்றின் பக்கங்கள் வெகுவாகக் குறையும் என்று எண்ணத் தோன்றுகிறது!

கருவூலமும் முன்னமே சீர்செய்யப்பட்டிருந்தது. 1992 முதல் 1994 வரை பதவியிலிருந்த ஹைமே காஸ்த்ரோ நகரின் வரிமுறையையும் ஆட்சியமைப்பையும் திருத்தினார். அவரையடுத்து வந்த அந்தானாஸ் மோக்குஸ் என்னும் பேராசிரியர், சாலை விதிகளை மீறுவோரை நாணச் செய்ய மௌன நடிகர்களைத் தெருமுனைகளில் நிறுத்திப் புகழ்பெற்றவர். 1994 தேர்தலில் பென்யலோசா தோற்றது இவரிடமே. ஆயினும் தோற்றவருக்கு வென்றவர் சேர்த்துவைத்த நிதிதான் பின்னர் உதவிற்று. புதுக்கத்தின் புகழனைத்தையும் ஒருவர் தோளிலேயே ஏற்றும் கட்டுரைகள் இதனை மறந்துவிடுகின்றன.

பென்யலோசா 1954 இல் பிறந்தவர். பொருளியலும் வரலாறும் பயின்றவர். அவருடைய தந்தையார், 1976 இல் கனடாவின் வான்கூவர் நகரில் ஐக்கிய நாடுகள் அவை கூட்டிய மனிதக் குடியிருப்பு மாநாட்டின் தலைமைச் செயலாளராகத் திகழ்ந்தவர். இல்லத்தில் கேட்ட பேச்சே மைந்தரின் எண்ணத்திற்கு வித்தாயிருக்கலாம். 1997 அக்டோபரில் கட்சிச் சார்பற்ற வேட்பாளராக நின்று அவர் வென்றார். 'நாம் விரும்பும் பொகோட்டா' என்பது அவரது ஆட்சித் திட்டத்தின் பெயர். அன்றைய விதிப்படி பதவிக்காலம் மூன்றே ஆண்டுகள். தொடர்ந்து மறுமுறை நிற்கவும் இயலாது.

அவரது வாதம் எளிமையானது. எல்லோரும் சமமான வருவாய் பெறும் நாளை ஒரு மாநகரத் தந்தையால் கொண்டுவர இயலாது. ஆனால் நகரத்திற்குச் சொந்தமான நிலத்தை, அதாவது தெருவை, சமமாகப் பங்கிட அவரால் இயலும். நூறு பேர் செல்லும் பேருந்து, ஒருவர் செல்லும் காரைப்போல் நூறு மடங்கு இடத்திற்கு உரிமையுடையது. கார் வைத்திருப்போர் சிறுபான்மையினர். சாலையில் பெரும்பகுதியோ அவர்களிடம். ஞாயிற்றுக்கிழமை செல்வர்க்குத் தோட்டமும் மன்றமும் உண்டு. ஏழைக்கு வீட்டைவிட்டு வெளியே வந்தால் தெரு ஒன்றுதான். எனவே பூங்காவும் நடைபாதையும் அழகுப் பொருள்கள் அல்ல, நீதிப் பொருள்கள் என்றார். சுற்றுச்சூழல் காப்பையும் அவர் இவ்வழியாகவே அணுகினார். புகை குறைய வேண்டுமெனில் மக்கள் காரை விட வேண்டும். அவர்கள் காரை விட வேண்டுமெனில் நடப்பதும் பேருந்தில் செல்வதும் இழிவாகத் தோன்றாதிருக்க வேண்டும்.

பன்னாட்டு வல்லுநர் அறிக்கையொன்று உயர்மட்ட நெடுஞ்சாலைகளைப் பரிந்துரைத்திருந்தது. அதை அவர் ஒதுக்கிவைத்தார். முதல் வேலையாக நடைபாதைகளில் கார் ஏறாதபடி குறுங்கம்பங்களை நடச் செய்தார். வணிகர்கள் வெகுண்டனர். கடைவாயிலில் காரை நிறுத்தும் 'உரிமை' பறிபோயிற்று என்று கொதித்தெழுந்து, அவரைத் திருப்பி அழைக்கும் முயற்சியையும் தொடங்கினர், அது ஈடேறவில்லை. நெடுஞ்சாலைத் திட்டத்தைக் கைவிட்டபோது எழாத கூச்சல் முழங்கால் உயரக் கம்பத்திற்கு எழுந்தது என்பது சிந்திக்கத்தக்கது. 1998 இல் மற்றொரு கட்டுப்பாடும் வந்தது. நெரிசல் நேரங்களில், பதிவெண்ணின் கடைசி இலக்கத்தைக் கொண்டு, தனியார் கார்களில் நூற்றுக்கு நாற்பது சாலைக்கு வரலாகாது என்பதே அது.

புதுக்கத்தின் உயிர்நாடி பேருந்துத் திட்டமாகும். பிரேசில் நாட்டின் குரிட்டிபா நகரில் ஜைமே லெர்னர் 1970களில் தொடங்கிய முறையைப் பின்பற்றி, அதனை மேலும் விரிவாக்கி அமைத்ததே டிரான்ஸ்மிலேனியோ. 2000 டிசம்பரில் முதற் பேருந்து ஓடிற்று. சாலையின் நடுப்பகுதி பேருந்துக்கெனவே தடுப்பிட்டு ஒதுக்கப்பட்டது. ஏறத்தாழ 160 பேர் செல்லத்தக்க, இடையில் மடங்கும் சிவப்புநிற நீள்பேருந்துகள் அத்தடத்தில் ஓடின. பயணி நிலையத்தில் நுழையும்போதே கட்டணம் செலுத்திவிடுவதால் ஏறும் இடத்தில் தாமதமில்லை. நிலையத்தின் தளமும் பேருந்தின் தளமும் ஒரே மட்டத்தில் இருப்பதால் முதியோரும் சக்கர நாற்காலியினரும் படியேறாமல் செல்லலாம். சில பேருந்துகள் எல்லா நிலையங்களிலும் நிற்கும். சில விரைவாகத் தாண்டிச் செல்லும். அவை முந்துவதற்கென நிலையங்களில் இரட்டைத் தடங்கள் உண்டு. இவ்விரட்டைத் தடமே கொள்திறனைப் பெருக்கிற்று. ஒரு திசையில் ஒரு மணி நேரத்தில் 40,000 பேருக்கு மேல் ஏற்றிச் செல்லும் ஆற்றலை அது பெற்றது. பல நகரங்களின் மெட்ரோ இரயிலுக்கு நிகரான அளவு இது.

பொறியியலைவிட நுட்பமானது இதன் கணக்கு முறை. பேருந்துகள் தனியாருடையவையே, ஆனால் தடம், நேரம், கட்டணம் ஆகியவற்றை நகரின் பொது நிறுவனம் வகுக்கும். உரிமையாளருக்கு ஏறும் பயணியின் எண்ணிக்கைக்குப் பதிலாக, பேருந்து ஓடிய கிலோமீட்டருக்குப் பணம் தரப்படும். இந்த ஒரு மாற்றத்தால் அத்தடங்களில் 'காசுப் போர்' முடிந்தது. பழைய உரிமையாளர்களும் புதிய நிறுவனங்களில் பங்கு பெற வழி செய்யப்பட்டது. புதிய பேருந்து ஒன்று சாலைக்கு வர, பழையவை சில உடைக்கப்பட்டாக வேண்டும். கட்டுமானச் செலவின் ஒரு பகுதி பெட்ரோல் மீதான கூடுதல் வரியிலிருந்து வந்தது. கார் ஓட்டுபவர் பேருந்துத் தடத்திற்குப் பணம் தந்தார் என்று இதைச் சுருங்கச் சொல்லலாம். கரியமிலப் புகையைக் குறைத்ததற்காகக் கியோட்டோ ஒப்பந்தத்தின் தூய வளர்ச்சி முறையில் 2006 இல் இத்திட்டம் பதிவு பெற்றதும் குறிப்பிடத்தக்கது.

மிதிவண்டிப் பாதைகளும் அக்காலத்தில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீண்டன. ஞாயிறுதோறும் முதன்மைச் சாலைகளை மிதிவண்டிக்கும் நடைக்கும் திறந்துவிடும் வழக்கம் அந்நகரில் 1970களிலேயே தோன்றியது. அதைப் பென்யலோசாவின் படைப்பாகக் கூறுவது பிழை. அவர் செய்தது, ஒரு வேலைநாளைக் காரில்லா நாளாக்கியது. 2000 பிப்ரவரி 24, வியாழக்கிழமை, தனியார் கார் எதுவும் ஓடாமல் நகரம் தன் அலுவல்களைச் செய்தது. அவ்வாண்டு அக்டோபரில் நடந்த வாக்கெடுப்பில் மக்கள் அதனை ஆண்டுதோறும் கடைப்பிடிக்க இசைவு தந்தனர்.

நூலகங்களைக் குறிப்பிடாமல் செல்லலாகாது. ஏழை மக்கள் வாழும் பகுதிகளில் பெருநூலகங்கள் எழுப்பத் திட்டமிட்டு, 2001 இல் மூன்று திறக்கப்பட்டன. அவற்றுள் எல் டின்டால் நூலகம் கைவிடப்பட்ட குப்பைக் கிடங்குக் கட்டடத்தை இடிக்காமலே அமைக்கப்பட்டது. குப்பை வண்டிகள் ஏறிச்சென்ற சாய்வுப் பாதை வழியே இன்று மாணவர்கள் படிப்பறைக்கு ஏறிச் செல்கின்றனர்.

பதவி முடிந்தபின் அவர் உலகெங்கும் சென்று இக்கருத்துகளை எடுத்துரைத்தார். போக்குவரத்து, வளர்ச்சிக் கொள்கைக்கான பன்னாட்டு நிறுவனமொன்றின் ஆட்சிக்குழுத் தலைவராகவும் சில ஆண்டுகள் விளங்கினார். 2014 இல் சென்னை மாநகராட்சி ஏற்ற நடைப்பயணக் கொள்கைக்கும், பின்னர்த் தியாகராய நகரின் பாண்டி பஜாரில் 2019 இல் திறக்கப்பட்ட அகன்ற நடைபாதைக்கும் அந்நிறுவனம் துணைநின்றது. பொகோட்டாவின் குறுங்கம்பத்திற்கும் நம் ஊர் நடைபாதைக்கும் இவ்வாறு ஓர் உறவு உண்டு.

சொந்த ஊரிலோ அவர் 2007 இலும் 2011 இலும் தோற்றார். 2007 இல் அவரை வென்றவர் மெட்ரோ இரயிலை வாக்களித்தவர். பின்னர் ஒப்பந்த ஊழலில் சிறை சென்றார். இதற்கிடையே பேருந்துத் தடங்கள் திட்டமிட்டபடி விரியவில்லை. பயணிகள் மட்டும் பெருகினர். கதவருகே மூச்சுமுட்ட நிற்கும் நெரிசலும், பெண்கள் படும் தொல்லையும் மக்களின் பொறுமையைச் சோதித்தன. 2012 மார்ச்சில் ஆத்திரமுற்ற கூட்டத்தினர் நிலையங்களை உடைத்தனர். 2015 இல் பென்யலோசா மீண்டும் வென்று, 2016 முதல் 2019 வரை ஆண்டார். மெட்ரோவுக்கான ஒப்பந்தம், பேருந்தையே போற்றிய அவர் கையாலேயே 2019 இல் முடிவானது.

இரண்டாம் முறை அவர்மீது எழுந்த குறைகளைப் புறந்தள்ள இயலாது. நகரின் வடக்கே, தாமஸ் வான் டெர் ஹாமென் என்னும் அறிஞரின் பெயரால் ஏறத்தாழ 1,400 எக்டேர் நிலம் 2011 இல் காப்பிடமாக்கப்பட்டிருந்தது. அதன் பெரும்பகுதியில் வீடுகட்ட அவர் விழைந்தார். நெருக்கமாகக் கட்டப்பட்ட நகரமே குறைந்த நிலத்தை உண்ணும் என்பது அவர் வாதம். கீழை மலைகளையும் மேற்கு ஆற்றையும் இணைக்கும் பசுமைத் தொடர்பு அறுபடும் என்பது அறிவியலாளரின் மறுமொழி. மறுமொழியே வலிமையானது என்பது என் கருத்து. அத்திட்டம் நிறைவேறவில்லை. புதிய பேருந்துகளில் மின்பேருந்தைத் தேராமல் டீசலையும் எரிவாயுவையும் தேர்ந்ததும் கண்டனத்திற்குள்ளாயிற்று.

எனினும் முதல் ஆட்சியிலேயே ஒரு நிழல் இருந்தது. குடியரசுத் தலைவர் மாளிகைக்கு அருகே கார்த்துச்சோ என்னும் பகுதி போதைப்பொருள் வணிகத்தின் உறைவிடமாகவும், வீடற்றோர் பல்லாயிரவரின் புகலிடமாகவும் இருந்தது. பழந்துணியும் காகிதமும் பொறுக்கி விற்றுப் பிழைத்தோர் அங்கே வாழ்ந்தனர். அதனைத் தகர்த்து, அவ்விடத்தில் 'மூன்றாம் ஆயிரமாண்டுப் பூங்கா' அமைக்கும் பணி 1990களின் இறுதியில் தொடங்கிற்று. பொதுவெளி எல்லார்க்கும் உரியது என்ற கொள்கையின் பேரிலேயே இது நடந்தது. மறுவாழ்வுப் பணிகளும் மேற்கொள்ளப்பட்டன. ஆயினும் வெளியேறியோருள் பலர் சில தெருக்களுக்கு அப்பால் 'பிராங்ஸ்' எனப்பட்ட சந்துகளில் தங்கினர். 2016 மே மாதம், மீண்டும் பென்யலோசாவின் ஆட்சியில், காவலரும் படையினரும் விடியற்காலையில் அச்சந்துகளுக்குள் புகுந்து அவற்றையும் காலிசெய்தனர். அங்கிருந்தவர்கள் மூட்டைகளுடன் நகரின் கால்வாய் ஓரங்களுக்கும் பிற தெருக்களுக்கும் சிதறிச் சென்றனர்.