பொறிவண்டு: உணவே தீர்மானிக்கும் நன்மையும் தீமையும்

பிளந்த பட்டாணியைக் கவிழ்த்து வைத்தாற்போன்ற உடல்கொண்ட பொறிவண்டு, வண்டினங்கள் அனைத்தும் அடங்கிய கோலியாப்டெரா வரிசையில் காக்சினெல்லிடே என்னும் குடும்பத்தைச் சேர்ந்தது. இக்குடும்பத்தில் ஏறத்தாழ 6,000 இனங்கள் அறியப்பட்டுள்ளன. முதுகில் ஓடுபோல் தெரிவது தடித்து இறுகிய முன்னிறகு இணையாகும். பறப்பதற்கான மெல்லிய பின்னிறகுகள் அதனடியில் மடிந்து கிடக்கின்றன. புள்ளிகளின் எண்ணிக்கை இனத்துக்கு இனம் வேறுபடுமேயன்றி, சிலர் நம்புவதுபோல் வயது ஏற ஏறக் கூடுவதில்லை. பளிச்சென்ற சிவப்பு, உண்ண வரும் பறவைக்கு விடுக்கப்படும் எச்சரிக்கையாகும். சீண்டினால் வண்டு தன் கால் மூட்டுகளிலிருந்து கசப்பும் துர்நாற்றமும் கொண்ட மஞ்சள் நிற நீரைக் கசியவிடுகிறது.

இலையின் அடிப்புறத்தில் கொத்தாக இடப்படும் முட்டைகளிலிருந்து வெளிவரும் புழு, நான்கு பருவங்கள் வளர்ந்து கூட்டுப்புழுவாகி, பின் வண்டாகிறது. பெரும்பாலான இனங்களில் புழுவும் வண்டும் பயிர்ச்சாற்றை உறிஞ்சும் அசுவினி, மாவுப்பூச்சி, செதில் பூச்சி ஆகியவற்றையே தின்று வாழ்வதால் உழவருக்கு நன்மை விளைகிறது. ஆனால் இக்குடும்பத்திலேயே கத்தரி இலையின் பச்சையத்தைச் சுரண்டித் தின்று நரம்புகளை மட்டும் விட்டுவைக்கும் எபிலாக்னா வண்டும் உண்டு. ஆகவே தோற்றத்தைக் கொண்டு மட்டும் ஒரு பொறிவண்டை நன்மை செய்வது என்று முடிவுகட்ட இயலாது.

உணவுப் பழக்கத்தின் இந்த முக்கியத்துவம் கலிபோர்னியாவில் தெளிவாகப் புலப்பட்டது. ஆஸ்திரேலியாவிலிருந்து தற்செயலாக வந்துசேர்ந்த ஒருவகைச் செதில் பூச்சி, வெண்பஞ்சு போன்ற முட்டைப்பையுடன் கிளைகளில் அப்பிக்கொண்டு 1880-களில் அங்குள்ள ஆரஞ்சுத் தோட்டங்களை அழித்துவந்தது. அமெரிக்க வேளாண் துறையின் பூச்சியியல் தலைவர் சார்லஸ் வாலண்டைன் ரைலி, பூச்சியின் தாயகத்திலேயே அதன் எதிரியைத் தேடுமாறு 1888-இல் ஆல்பர்ட் கோபெலேயை அனுப்பினார். அவர் அனுப்பிய ரொடோலியா கார்டினாலிஸ் என்னும் பொறிவண்டுகள், லாஸ் ஏஞ்சல்ஸில் கூடாரத்துணி போர்த்திய ஆரஞ்சு மரத்தில் விடப்பட்டுப் பெருகின. 1889 முடிவதற்குள் செதில் பூச்சியின் தாக்குதல் அடங்கியது. பூச்சியைப் பூச்சியால் ஒடுக்கும் இம்முறை உயிரியல் கட்டுப்பாடு எனப்படும். இதே செதில் பூச்சி 1920-களின் இறுதியில் நீலகிரியின் வாட்டில் மரங்களைத் தாக்கியபோதும், இவ்வண்டே வரவழைக்கப்பட்டது.

ரொடோலியாவின் வெற்றிக்குக் காரணம், அது குறிப்பிட்ட சில செதில் பூச்சிகளையன்றிப் பிறவற்றைப் பெரும்பாலும் நாடாததாகும். இதற்கு மாறாக, அசுவினியை ஒழிப்பதற்காகக் கிழக்காசியாவிலிருந்து வட அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் கொண்டுசெல்லப்பட்ட ஹார்மோனியா ஆக்ஸிரிடிஸ், அசுவினியோடு நில்லாமல் உள்நாட்டுப் பொறிவண்டுகளின் முட்டைகளையும் புழுக்களையும் தின்பதால், பிரிட்டனில் இருபுள்ளிப் பொறிவண்டின் தொகை குன்றியது.

அயல்நாட்டு வண்டை வரவழைப்பதற்கு முன் அது எதைத் தின்னும் என்பதோடு, வேறெதையெல்லாம் தின்னாது என்பதையும் ஆராய்வது இதனால் இன்றியமையாததாகிறது. வந்து நிலைத்த வண்டையும் பூச்சிக்கொல்லியிலிருந்து காக்க வேண்டும். 1940-களின் பிற்பகுதியில் கலிபோர்னியத் தோட்டங்களில் டி.டி.டி. தெளிக்கப்பட்டபோது ரொடோலியா மடிந்து, அடங்கியிருந்த செதில் பூச்சி மீண்டும் பெருகியது.