சுண்ணாம்பில் விளைந்த கருந்தரை

“சிமென்ட் வருவதற்கு முன் அரண்மனைகளுக்கு எப்படித் தரை போட்டார்கள்?” என்று ஒரு வாசகர் கேட்டு எழுதியிருக்கிறார். இந்தக் கேள்விக்குத் தக்கலைக்குப் பக்கத்தில் இருக்கும் பத்மநாபபுரம் அரண்மனையை வைத்தே பதில் சொல்லிவிடலாம்.

பத்மநாபபுரம் திருவிதாங்கூர் அரசர்களின் பழைய தலைநகரம். மார்த்தாண்ட வர்மா 1750-இல் நாட்டைப் பத்மநாப சுவாமிக்கு அர்ப்பணித்தார். அவர் காலத்தில்தான் அரண்மனையும் விரிந்தது. 1956-இல் ஊர் தமிழகத்தோடு சேர்ந்தது. அரண்மனையை மட்டும் இன்றும் கேரளத் தொல்லியல் துறைதான் பராமரிக்கிறது. பூமுகம் என்னும் முகப்பு மண்டபத்தின் மரக் கூரையில் செதுக்கிய 90 பூக்களைப் பார்க்க எல்லோரும் அண்ணாந்து நிற்பார்கள். எனக்கு ஆசை தீராதது காலடியில் கிடக்கும் தரை.

மாடியில் மந்திரசாலை, அதாவது அரசர் அமைச்சர்களோடு கூடிப் பேசிய அறை. ஜன்னல்களில் நிறம் ஏற்றிய மைக்கா தகடுகள் பதித்திருக்கிறார்கள். வெயிலும் தூசியும் உள்ளே வராது. அந்த மங்கிய வெளிச்சத்திலும் தரை கறுப்பாகப் பளபளக்கும். செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டுப் போவதால் அதன் குளிர்ச்சியும் வழவழப்பும் உள்ளங்காலில் தெரியும்.

இந்தத் தரையில் சுண்ணாம்பு, சுட்ட தேங்காய்ச் சிரட்டைக் கரி, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்ந்திருப்பதாகச் சொல்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை உண்டு. நீற்றிய சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல உள்ளிழுத்து மறுபடியும் கல்லாக இறுகும். கரித்தூள் நிறம் தரும். வெள்ளைக்கருவின் புரதம் துகள்களைப் பிடித்து வைத்து, நீர் எளிதில் இறங்காமல் தடுக்கும். செட்டிநாட்டு வீடுகளின் சுவர்ப்பூச்சிலும் இதே வெள்ளைக்கரு உண்டு. ஆனால் கலவை பாதி வேலைதான். மீதி, கை சலிக்காமல் தேய்ப்பதில் இருக்கிறது. புது தோசைக்கல்லை என் பாட்டி நாள்கணக்கில் எண்ணெய் தடவித் தேய்த்துப் பழக்குவார். அந்த மினுமினுப்பைக் கடையில் வாங்க முடியாது. இந்தத் தரையின் பளபளப்பும் அப்படி வந்ததுதான்.

இவ்வளவு பொறுமையாக வளர்ந்த ஒரு தொழிலை நாம் அவசரத்தில் தொலைத்துக்கொண்டிருக்கிறோம். பழைய கட்டடத்தில் காரை பெயர்ந்தால் உடனே சிமென்ட் பூசுகிறோம். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விட்டுவிடும். மேலே சிமென்ட் பூசினால் ஈரம் போக வழியில்லாமல் உள்ளேயே தங்கி, சுவரை உப்பரித்து உதிர வைக்கும். ரிப்பேர் என்று நினைத்துச் செய்வதே கட்டடத்துக்கு வினையாகிவிடுகிறது.

பாரம்பரியம் என்றால் அரசர் படுத்த கட்டிலும் பிடித்த வாளும் மட்டுமல்ல. பெயர் எழுதி வைக்காத கொத்தனார்களின் கைப்பக்குவமும் அதில் சேரும். உங்கள் ஊர்ப் பழைய வீட்டிலோ கோயிலிலோ சுண்ணாம்புத் தரை இருந்தால் அதை உடைத்து டைல்ஸ் ஒட்டாதீர்கள். சுண்ணாம்பு வேலை தெரிந்த பெரியவர் ஒருவரைத் தேடிப் பிடியுங்கள். அவரோடு ஓர் இளைஞரையும் வேலைக்கு நிறுத்துங்கள்.