காலுக்குத் துணை நிற்கும் காற்று

ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டி மலைப்பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. அந்த இறக்கத்தில் காரின் பிரேக் பெடல் கல்லாக இறுகிப்போனால் ‘பிரேக் போய்விட்டது’ என்றுதான் எவரும் அலறுவார்கள். பெரும்பாலும் பிரேக் போயிருக்காது. ஆயில் இருக்கும், பேட் இருக்கும், சக்கரத்தைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரும் இருக்கும். கைவிட்டது காற்று.

கார் பிரேக்கை மிதிக்கும் வேலையில் நம் காலின் பங்கு சிறியது. 20 கிலோ எடைக்கு ஈடாக மிதித்தால், பெடலின் நெம்புகோல் அமைப்பு அதைச் சுமார் நான்கு மடங்காக்கி 80 கிலோ ஆக்குகிறது. ஓடும் காரை நிறுத்த அது போதாது. மிச்சத்தை பூஸ்டர் தருகிறது. பானெட்டைத் திறந்தால் ஓட்டுநர் பக்கத்துச் சுவரை ஒட்டி, முன்னால் மாஸ்டர் சிலிண்டரைத் தாங்கியபடி ஒரு கறுப்பு உருண்டைத் தகரப் பெட்டி தெரியும். அதுதான் பூஸ்டர். உள்ளே ஒரு ரப்பர் திரை அதை இரண்டு அறைகளாகப் பிரிக்கிறது. கால் பெடலில் இல்லாதபோது இரண்டு அறைகளிலிருந்தும் காற்று உறிஞ்சப்பட்டிருக்கும். மிதித்ததும் பின்னறையின் வால்வு திறந்து வெளிக்காற்று உள்ளே பாய்கிறது. முன்னறையில் வெற்றிடம், பின்னறையில் வளிமண்டலம். கடல் மட்டத்தில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரையும் ஏறக்குறைய ஒரு கிலோ விசையோடு அழுத்தும் காற்று, திரையை முன்னே தள்ளுகிறது. திரை 9 அங்குல விட்டம் கொண்டது, வெற்றிடம் மூன்றில் இரண்டு பங்கு என்று வைத்துக் கணக்குப் போட்டால், முழு உதவி 270 கிலோவைத் தொடும். பெல்ஜிய நாட்டுப் பொறியாளர் ஆல்பெர்ட் டெவாண்டர் 1927இல் வடிவமைத்த இந்த ஏற்பாடு, சாரம் மாறாமல் இன்றும் கோடிக்கணக்கான கார்களில் உழைக்கிறது.

மலையில் இந்த உதவி குறைகிறது. 2,240 மீட்டர் உயரத்திலுள்ள ஊட்டியில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் முக்கால் பங்குதான். வெளிக்காற்று மெலிந்தால் திரையைத் தள்ளும் விசையும் மெலியும். சமவெளியில் ஒப்பேற்றிக்கொண்டிருந்த நலிந்த பூஸ்டர், மலையில் தன் குறையைக் காட்டிவிடுவது அதனால்தான்.

வெற்றிடம் எங்கிருந்து வருகிறது? பெட்ரோல் கார் பலவற்றில் இன்ஜின் மூச்சிழுக்கும் குழாயிலிருந்தே கிடைக்கிறது. டீசல் இன்ஜினுக்கு அப்படி இழுத்துப் பிடிக்கும் மூச்சு இல்லை. அதற்குத் தனியாக வேக்கம் பம்ப் வேண்டும். நம் ஊர் டீசல் வண்டிகள் பலவற்றில் அது ஆல்டர்னேட்டரின் பின்னால் ஒட்டிக்கொண்டு சுழலும். மின்சாரக் கார்களில் மின் பம்ப், அல்லது வெற்றிடமே தேவைப்படாத மோட்டார் பூஸ்டர்.

இனி நோயறிதல். பெடல் ‘சொத’ என்று அமுங்கினால் ஆயிலில் காற்று புகுந்திருக்கிறது, அல்லது ஆயில் கசிகிறது. பெடல் இறுகினால் அது வேறு நோய். இரண்டுக்கும் ‘ஏர் எடுத்தால் சரியாகிவிடும்’ என்று சொல்லும் பட்டறை, வாடிக்கையாளரின் பணத்தை வீணாக்குவதோடு அவர் உயிரோடும் விளையாடுகிறது.

கருவி எதுவுமின்றி இருக்கையில் அமர்ந்தபடியே சோதிக்கலாம். நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் போட்டு, இன்ஜினை அணைத்துவிட்டு பெடலை நாலைந்து தடவை மிதியுங்கள். உள்ளே மிச்சமிருந்த வெற்றிடம் தீர்ந்து பெடல் இறுகும். காலை எடுக்காமல் அழுத்தியபடியே இன்ஜினை ஓடவிடுங்கள். பெடல் தானாகவே சற்றுக் கீழே இறங்க வேண்டும். இறங்கினால் காற்று உதவிக்கு வந்துவிட்டது என்று பொருள். அசையவே இல்லையென்றால் கோளாறு பூஸ்டர் பக்கம்தான். அடுத்து, இன்ஜினை இரண்டு நிமிடம் ஓடவிட்டு அணையுங்கள். இப்போது முதல் மிதி ஆழமாகப் போய், இரண்டாவதும் மூன்றாவதும் படிப்படியாக மேலேயே நிற்க வேண்டும். முதல் மிதியே இறுகியிருந்தால், வெற்றிடத்தைப் பூட்டி வைக்கும் ஒருவழி வால்வு கசிகிறது, இல்லையேல் பூஸ்டரிலேயே ஓட்டை. பெடலை மிதித்துப் பிடித்திருக்கும்வரை ‘உஸ்’ஸென்று இரைச்சல் நிற்காமல் வந்து இன்ஜினும் தடுமாறினால், ரப்பர் திரை கிழிந்திருக்கவே வாய்ப்பு அதிகம்.

ஆனாலும் பூஸ்டரைக் கழற்றுவதற்கு முன் அதற்குப் போகும் ஹோஸைப் பாருங்கள். இன்ஜின் சூட்டில் வெந்த ரப்பர் குழாய் வெடித்திருக்கலாம். வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்சுவர் ஒட்டிப்போய் வழி அடைபட்டிருக்கலாம். பூஸ்டரின் விலையோடு ஒப்பிட்டால் ஹோஸும் வால்வும் சொற்பச் செலவு. டீசல் வண்டியென்றால் பம்ப் போதுமான அளவு இழுக்கிறதா என்று கேஜ் மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். இன்னொன்று: வெளியே கசிவே தெரியாமல் பிரேக் ஆயில் குறைந்துகொண்டே வந்தால், மாஸ்டர் சிலிண்டரின் பின் சீல் வழியாக அது பூஸ்டருக்குள் இறங்கிக்கொண்டிருக்கலாம். அந்நிலையில் பூஸ்டரை மட்டும் மாற்றுவதில் பயனில்லை; புதியதும் அதே கதிக்கு ஆளாகும்.

பூஸ்டர் நலமாக இருந்தும் பெடல் இறுகுவது உண்டு. காலிப்பர் பிஸ்டன் துருப்பிடித்துச் சிக்கியிருக்கலாம், சக்கரத்துக்குப் போகும் ஹோஸ் உள்ளே வீங்கியிருக்கலாம். இவற்றில் மிகக் கொடியது, பிரேக் ஆயில் ஊற்ற வேண்டிய டப்பாவில் யாரோ இன்ஜின் ஆயிலையோ பவர் ஸ்டீயரிங் ஆயிலையோ ஊற்றிவிடுவது. பிரேக்கின் ரப்பர் சீல்கள் கனிம எண்ணெயைத் தாங்காது, ஊதிப்போகும். ஆயிலை மாற்றி ஊற்றுவதோடு முடியாது. அது தொட்ட ரப்பர் பாகங்கள் அனைத்தையும் மாற்றியாக வேண்டும்.

மலையிறக்கத்தில் டீசல் மிச்சம் என்று இன்ஜினை அணைத்துவிட்டு வண்டியை உருளவிடும் பழக்கம் இன்னும் இருக்கிறது. நல்ல பிரேக்கைத் தன் கையாலேயே கெடுக்கும் வேலை இது. அணைத்த பிறகு ஒன்றிரண்டு மிதிக்குத்தான் வெற்றிடம் மிஞ்சும். பவர் ஸ்டீயரிங்கின் துணையும் போய்விடும். உதவி இருப்பதற்கும் இல்லாததற்கும் உள்ள இடைவெளியை ஐ.நா.வின் 13-எச் விதிமுறை அளந்தே சொல்கிறது. மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் வரும் கார், பிரேக் முழுமையாக வேலை செய்யும்போது 70 மீட்டருக்குள் நிற்க வேண்டும். பூஸ்டர் உதவி இல்லாதபோது 168 மீட்டர் வரை அனுமதி, அதுவும் 50 கிலோ அளவுக்கு மிதித்து. மாறாக, இரண்டாவது கியரில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து இறங்கும் பெட்ரோல் காரில் இன்ஜினின் உறிஞ்சல் உச்சத்தில் இருக்கும். இன்ஜினே வேகத்தைத் தடுக்கும், பூஸ்டருக்கும் தேவையான வெற்றிடம் கிடைக்கும், பேட்களும் சூடேறாது.

ஓடும்போதே பெடல் இறுகிவிட்டால் விட்டுவிட்டு மிதிக்காதீர்கள். ஒவ்வொரு மிதியும் மிச்சமிருக்கும் வெற்றிடத்தைத் தின்னும். பெடலுக்கும் சக்கரத்துக்கும் இடையே ஆயிலின் தொடர்பு அறுந்துபோகவில்லை என்பதை நினைவில் வைத்து, முழு பலத்தோடு, தேவையானால் இரண்டு கால்களாலும், ஒரே மூச்சாக மிதித்துப் பிடியுங்கள். கியரை ஒவ்வொன்றாகக் குறையுங்கள். ஹேண்ட் பிரேக்கை மெதுவாக, பொத்தானை அழுத்தியபடியே தூக்குங்கள். சாவியைத் தொடாதீர்கள்.