அப்பாவின் வரி பூஜ்யம், பிடித்தம் 12,300

புதுக்கோட்டை மாவட்டம் ஆலங்குடி வட்டத்தில் ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அப்பா ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், வயது 76. மகன் திருப்பூரில். குடும்பம் கற்பனைதான். விதிகளும் விகிதங்களும் 2025-26 நிதியாண்டுக்கு உரிய உண்மையானவை. அப்பாவின் வரவு இது:

ஓய்வூதியம், மாதம் 34,000 வீதம்: 4,08,000
அஞ்சலக மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 15,00,000, வட்டி 8.2%: 1,23,000
வங்கி வைப்பு 8,00,000, வட்டி 7%: 56,000
மொத்தம்: 5,87,000

புதிய வரிமுறையில் ஓய்வூதியத்துக்கு நிலைக்கழிவு 75,000 போக மிச்சம் 5,12,000. முதல் 4,00,000க்கு வரி இல்லை. மீதி 1,12,000க்கு 5% என்றால் 5,600. வருமானம் 12,00,000 வரை உள்ளவர்களுக்குத் தரும் தள்ளுபடியில் அதுவும் போய்விடும். கட்டவேண்டிய வரி பூஜ்யம்.

பூஜ்யம் என்று தெரிந்ததும் பல வீடுகளில் நோட்டை மூடிவிடுகிறார்கள். நஷ்டம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

மூத்த குடிமக்களுக்கு ஒரே நிறுவனத்திலிருந்து வரும் வட்டி ஆண்டுக்கு 1,00,000ஐத் தாண்டினால் 10% வரியை முன்கூட்டியே (டி.டி.எஸ்.) பிடிப்பார்கள். 2025 மார்ச் வரை இந்த வரம்பு 50,000ஆக இருந்தது. வங்கி வட்டி 56,000 வரம்புக்குள் அடங்குகிறது. அஞ்சலக வட்டி அடங்கவில்லை. காலாண்டுக்கு 30,750 வரவேண்டிய இடத்தில் 3,075 பிடித்துக்கொண்டு மீதியை வரவு வைப்பார்கள். ஆண்டுக்குப் பிடித்தம் 12,300. எனக்கு வரி இல்லை என்று உறுதி சொல்லும் 15எச் படிவத்தை ஏப்ரலிலேயே கொடுத்திருந்தால் ஒரு ரூபாய்கூடப் பிடித்திருக்கமாட்டார்கள். அந்தப் படிவம் ஒரு முறை கொடுத்தால் ஆயுளுக்கும் செல்லாது. ஆண்டுதோறும், கணக்கு உள்ள ஒவ்வொரு இடத்திலும் தனித்தனியாகக் கொடுக்கவேண்டும். ஜூலையில் ஞாபகம் வந்து கொடுத்தால் ஜூன் காலாண்டின் 3,075 ஏற்கெனவே போயிருக்கும். பான் எண்ணை ஆதாருடன் இணைக்காமல் விட்டிருந்தால் பிடித்தம் 20%, அதாவது 24,600. இப்போது இணைக்கக் கட்டணம் 1,000. எண்பது வயது ஆனவர்களுக்கு இந்த இணைப்புக் கட்டாயமில்லை. நம் அப்பாவுக்கு அதற்கு இன்னும் நான்கு வருடம் இருக்கிறது.

பிடித்த பணத்தைத் திரும்பப் பெற வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யவேண்டும். வரி பூஜ்யமானாலும் வருமானம் 4,00,000ஐத் தாண்டியதால் தாக்கல் கட்டாயம். “எழுபத்தைந்து வயசாச்சு, இனிமேல் கணக்குக் காட்டவேண்டாம்” என்று டீக்கடையில் யாராவது சொல்லியிருப்பார்கள். அது பாதி உண்மை. ஓய்வூதியமும் வட்டியும் மட்டுமே வருமானமாக இருந்து, இரண்டும் குறிப்பிட்ட ஒரே வங்கியில் வந்து, அந்த வங்கியில் உறுதிமொழியும் கொடுத்தவருக்கு மட்டுமே அந்த விலக்கு. நம் அப்பாவின் பெரிய வட்டி அஞ்சலகத்தில் வருகிறது. அவருக்கு விலக்கு இல்லை.

கெடு ஜூலை 31. தவறினால் டிசம்பர் 31 வரை தாமதக் கட்டணத்துடன் தாக்கல் செய்யலாம். கட்டணம் 5,00,000 வருமானம் வரை 1,000, அதற்கு மேல் 5,000. அப்பாவின் வருமானம் 5,12,000. கோட்டை 12,000 தாண்டியதற்காக 5,000 கட்டவேண்டும். திரும்பி வரும் 12,300 அப்போது 7,300 ஆகிறது. டிசம்பரும் போனால் வழக்கமான வழி அடைபடும். தாமதத்தை மன்னிக்கும்படி தனியாக மனுப் போடவேண்டும்.

நம் மாவட்டத்துக்கே உரிய இடறல் ஒன்று உண்டு. வடகாடு, கீரமங்கலம் பக்கம் நிலம் உள்ளவர்கள் கவனியுங்கள். கஜா புயலுக்குத் தப்பிய நாலு பலாமரத்தின் காய்ப் பணமும் விவசாய நிலத்தின் குத்தகைப் பணமும் விவசாய வருமானம். அதற்கு வரி கிடையாது. ஆனால் அது ஆண்டுக்கு 5,000ஐத் தாண்டினால் எளிய ஐ.டி.ஆர்-1 படிவம் செல்லாது, ஐ.டி.ஆர்-2 வேண்டும். அப்பாவுக்கு அந்த வகையில் 40,000 வந்தது என்று வையுங்கள். விகிதம் பார்ப்பதற்காக இரண்டையும் கூட்டுவார்கள்: 5,52,000க்கு வரி 7,600, அதில் 4,40,000க்கான 2,000ஐக் கழித்தால் மறுபடி அதே 5,600, தள்ளுபடியில் பூஜ்யம். மாறியது படிவம் மட்டும். “விவசாயம்தானே, எழுதவேண்டாம்” என்று விடுவது தவறு.

இதையெல்லாம் யார் செய்வது? மகன்தான். ஆனால் அப்பாவின் கடவுச்சொல்லைத் தன் போனில் வைத்திருப்பதால் மகனுக்கு அதிகாரம் வந்துவிடாது. தன் சார்பில் செயல்பட ஒருவரை நியமிக்க வரித்துறை இணையதளத்திலேயே வசதி இருக்கிறது. அப்பா சம்மதித்து அதைச் செய்யவேண்டும். தாக்கல் செய்த 30 நாளுக்குள் சரிபார்ப்பு முடியவேண்டும். தவறினால் சரிபார்த்த நாளே தாக்கல் நாளாகிவிடும், 5,000 கட்டணம் மறுபடி எட்டிப்பார்க்கும். ஆதாரில் பழைய நம்பர் இருந்து ஓ.டி.பி. வராவிட்டால் பதற வேண்டாம். ஒப்புகைத் தாளில் அப்பா கையெழுத்துப் போட்டு பெங்களூரு மையத்துக்கு விரைவு அஞ்சலில் அனுப்பினாலும் செல்லும். எனக்கு இந்த வழிதான் பிடித்திருக்கிறது: எதில் கையெழுத்துப் போடுகிறோம் என்று அவர் ஒரு முறை படித்துப் பார்ப்பார். முப்பது வருடம் பிள்ளைகளின் விடைத்தாள் திருத்தியவருக்கு அந்த மரியாதை உண்டு.

வீட்டுவரிக்கும் ஒரு வரி எழுதிவிடுகிறேன். புதுக்கோட்டை மாநகராட்சிக்குள் வீடு இருந்தால் ஏப்ரலிலும் அக்டோபரிலும் முதல் 30 நாளுக்குள் கட்டுங்கள். 5% ஊக்கத்தொகை, உச்சம் 5,000. அரையாண்டு வரி 2,400 என்றால் ஆண்டுக்கு 240 மிச்சம்.

2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் வருவதால் பிரிவு எண்கள் மாறுகின்றன. படிவம் வாங்கும்போது பெயரை ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்த முறை ஊருக்கு வரும்போது அப்பாவின் பாஸ்புக்குகளையும், பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அவரையும் உட்காரவைத்து, பிடித்த தொகையை ஒவ்வொன்றாகக் கூட்டுங்கள். திரும்பி வரும் பணம் அவர் பெயரிலுள்ள கணக்குக்கே போகவேண்டும். அது அவருடைய பணம்.